தலையில்லாத தோல்கள்

பெரம்பலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது பிளஸ் டூ என்ற ஏற்பாடு வந்தே இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எனக்கு இருபத்தாறு வயது. திருச்சியில் எம்.எஸ்சி. முடித்திருந்தேன். பாம்பென்றால் பயம். பார்மலின் பாட்டிலுக்குள் இருக்கும் பாம்பைக்கூடக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓரடி தள்ளி நின்றுதான் மாணவர்களுக்குக் காட்டுவேன்.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஹெட்மாஸ்டர் காக்கிச் சட்டை போட்ட ஒருவரை லேபுக்கு அழைத்து வந்தார். அரியலூர் பக்கத்து வனத்துறை ரேஞ்சர் அவர். ஐம்பதை நெருங்கும் வயது. ஒரு பெண்ணிடம் உதவி கேட்க வந்த கூச்சம் முகத்தில் தெரிந்தது. மூன்று நாட்களுக்கு முன், அரியலூர் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில், மெட்ராஸுக்குப் போக இருந்த மூன்று மூட்டைகளைப் பிடித்திருக்கிறார்கள். ரசீதில் ஆட்டுத்தோல் என்று எழுதியிருந்தது. மூட்டையைத் தராசில் ஏற்றிய கிளார்க்குக்கு, ஆட்டுத்தோல் இத்தனை லேசாக இருக்காதே என்று சந்தேகம் வந்திருக்கிறது. பிரித்தால் உள்ளே அத்தனையும் பாம்புத் தோல்.

"பாம்புத் தோலுன்னு எங்களுக்கே தெரியுதுங்க டீச்சர். என்ன பாம்புன்னு படிச்சவங்க ஒருத்தர் சொல்லணும். நாங்க சொன்னா கோர்ட்டுல எடுபடாது" என்றார்.

எந்தப் பாம்பாக இருந்தால் என்ன என்று கேட்டேன். அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர் விளக்கினார். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்குகளை அட்டவணை அட்டவணையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சாரை ஒரு அட்டவணை, மலைப்பாம்பு ஒரு அட்டவணை. மலைப்பாம்பு இருப்பது முதல் அட்டவணையில். அதைக் கொன்றதாகவோ விற்றதாகவோ நிரூபணமானால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. மாஜிஸ்திரேட் இரக்கப்பட்டாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. மெட்ராஸுக்கு அனுப்பிக் கேட்டால் பதில் வர மாதக்கணக்காகும். வழக்கோ அதற்குள் வந்துவிடும். அரியலூரிலும் பெரம்பலூரிலும் விசாரித்து என் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

நான் உடனே சரி என்றேன். ஹெட்மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கே அது ஆச்சரியம்தான். அதுவரை என் படிப்பு என்பது தேர்வு எழுதவும் தேர்வுக்குத் தயார் செய்யவும் மட்டுமே பயன்பட்டிருந்தது. அதைக் கொண்டு ஒரு விஷயத்தை முடிவு செய்யலாம் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மறுநாள் திருச்சிக்குப் போய், நான் படித்த கல்லூரி நூலகத்திலிருந்து ஊர்வன பற்றிய ஒரு தடித்த பழைய புத்தகத்தைக் கெஞ்சி வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அரியலூர் போனேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளின் வெள்ளைத் தூசி பஸ் ஜன்னல் வழியாக வந்து புத்தகத்தின் அட்டையில் படிந்தது.

ரேஞ்சர் ஆபீசின் பின்னறையில் தார்ப்பாயை விரித்துத் தோல்களைப் போட்டிருந்தார்கள். நூற்றுச் சொச்சம். உப்பும் ரசகற்பூரமும் கலந்த வாடை. காய்ந்து, விறைத்து, பழுப்பேறி, ஒன்றோடு ஒன்று உரசும்போது பனையோலைச் சத்தம் கேட்டது. முதல் தோலைக் கையில் எடுத்ததும் என் புத்தகத்தில் பாதி பயனற்றுப் போனது. ஒன்றுக்கும் தலை இல்லை. பாம்பை அடையாளம் காண எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தலையை வைத்துத்தான்: கண்ணுக்கு முன்னால் எத்தனை செதில், உதட்டில் எத்தனை செதில், படம் உண்டா இல்லையா. வியாபாரத்துக்குத் தலை வேண்டாம் என்று வெட்டி எறிந்துவிட்டார்கள்.

ரேஞ்சர் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். உடலின் நடுப்பகுதியில் குறுக்காக எத்தனை செதில் வரிசை என்ற கணக்கு ஒவ்வொரு பாம்புக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. சாரைக்குப் பதினேழு. நல்ல பாம்புக்கு இருபதைத் தாண்டும். மலைப்பாம்புக்கு அறுபதை ஒட்டி அல்லது அதற்கு மேல். தலை இல்லாவிட்டாலும் நடு உடம்பு இருக்கிறதே.

ஒரு குண்டூசியை வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஓரத்திலிருந்து ஓரம் வரை சாய்வாக ஒவ்வொரு செதிலாகத் தொட்டு. பதினேழு. அடுத்ததும் பதினேழு. பத்துத் தோல் ஆனதும் எனக்குள் ஏதோ மாறியிருந்தது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. செதில்கள் முதுகில் எப்படிக் குறுகி, விலாவில் எப்படிச் சற்று அகலமாகிச் சரிந்து, வயிற்றுக்குக் குறுக்கே படியும் அகலத் தகடுகளில் போய் முடிகின்றன என்று பார்ப்பதிலேயே மூழ்கிவிட்டேன். மதியம் ரேஞ்சர் டிபன் பாக்ஸோடு வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது மூட்டையின் அடியில் நான்கு தோல்கள் மட்டும் உள்பக்கம் தெரியும்படி மடித்து வைக்கப்பட்டிருந்தன. விரித்தால் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அகலம். பெரிய பெரிய கரும்பழுப்புத் திட்டுகள். எண்ணினேன். அறுபத்தைந்து. திரும்ப எண்ணினேன். அறுபத்தேழு. மூன்றாம் முறை அறுபத்தைந்து. மலைப்பாம்பு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சாரைத் தோல்களெல்லாம் வயிற்றுப் பக்கம் கீறப்பட்டவை. அதனால் வயிற்றுத் தகடுகள் இரண்டாகப் பிளந்து இரண்டு ஓரத்திலும் இருந்தன. இந்த நான்கும் முதுகுப் பக்கம் கீறப்பட்டவை. தகடுகள் நடுவில் முழுதாக இருந்தன. பலகையில் அடித்துக் காயவைத்த ஆணித் துளைகளும் வேறு இடைவெளியில் இருந்தன. இதனால் யாருக்கு என்ன பயன் என்று அப்போது தெரியாது. எண்ணும் முறையை மாற்ற வேண்டியிருந்ததால் என் அறிக்கையில் அதையும் ஒரு வரியாக எழுதிவைத்தேன்.

அன்று மாலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ரேஞ்சர் டீ வரவழைத்து, அந்தச் சட்டப் புத்தகத்தைக் காட்டினார். அட்டவணைகள் முழுக்க இங்கிலீஷும் லத்தீனும். இந்தத் தோல் எங்கே போகும் என்று கேட்டேன். கப்பலேறி வெளிநாட்டுக்கு, கைப்பையும் செருப்பும் கைக்கடிகாரப் பட்டையும் செய்வதற்கு என்றார். ஏற்றுமதியை அரசாங்கம் தடை செய்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் வேறு பெயரில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இதற்காகவே பல நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருப்பதாகவும், எழுபதுகளின் நடுவில் இந்தியாவும் அதில் சேர்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

நம் சட்டம் இன்னொரு நாட்டுத் துறைமுகத்தில் எப்படிச் செல்லுபடியாகும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அவர் என்னிடமே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஸ்கூலுக்கு வேற ஊர்லேருந்து ஒரு புள்ள வந்தா, டி.சி. இல்லாம சேத்துக்குவீங்களா?"

"மாட்டோம்."

"அந்த ஊர் ஹெட்மாஸ்டர் உங்களுக்கு மேலதிகாரி இல்ல. ஆனா அவர் கையெழுத்து இருந்தாத்தான் நீங்க சேத்துக்குறீங்க. அது மாதிரிதாங்க. நம்ம சர்க்கார் கையெழுத்துப் போட்ட காயிதம் இல்லாம நம்ம ஊருத் தோலு வந்தா, அந்த ஊர்க்காரன் எறக்க வுடக் கூடாது."

திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முந்திரிக்காட்டுச் சருகுக்குள் கிடக்கும் ஒரு பாம்பின் பெயர் ஏதோ ஒரு தூரதேசத்துத் துறைமுகத்தில், ஒரு குமாஸ்தாவின் மேசையில் இருக்கிறது. அவர் அந்தப் பாம்பை உயிரோடு பார்த்திருக்கவே மாட்டார். அவரும் என்னைப் போலக் குண்டூசியை வைத்துக்கொண்டு எண்ணுவாரா என்று யோசித்தேன்.

மறுநாள் பிளஸ் ஒன் மாணவர்களுக்குத் தவளை அறுக்கும் வகுப்பு இருந்தது. தவளை வரவில்லை. மாதம் இரண்டு முறை ஈரச் சாக்கில் எங்களுக்குத் தவளை கொண்டுவருபவர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். வயல்களில் பிடித்த தவளைகளில் பெரியவற்றை, வெளிநாட்டுக்காரர்களின் சாப்பாட்டுக்குத் தவளைக்கால் ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எங்களிடம் கொண்டுவருவார். லேபில் எல்லோருக்கும் அவர் தவளைக்காரர். முந்தைய ஆண்டு நான் கேட்டதற்காக ஒரு சாரைப் பாம்பும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அது பாட்டிலில் இருந்தது.

பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தவர் என்று தோல் கேசில் அவரைப் பிடித்து வைத்திருப்பதாக லேப் உதவியாளர் சொன்னார். நான் எண்ணி எழுதிய தாள் ரேஞ்சரிடம் போய்விட்டது. அதில் மலைப்பாம்பு என்று நான்கு முறை எழுதியிருந்தேன்.

அரியலூர் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, எதிரே இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மூட்டைகளை புக் செய்த தரகர். வெள்ளைச் சட்டை, பக்கத்தில் வக்கீல். இன்னொருவர் தவளைக்காரர். அவருக்கு வக்கீல் இல்லை. என்னைப் பார்த்ததும் பள்ளிக்கு வரும்போது செய்வதைப் போலவே தலையை லேசாக ஆட்டினார்.

தரகரின் வக்கீல் என்னிடம் முதலில் என் வயதைக் கேட்டார். பிறகு, எத்தனை மலைப்பாம்பை உயிரோடு பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். கோர்ட்டில் இரண்டொருவர் சிரித்தார்கள்.

"தலை இல்லாத ஒடம்பப் பாத்து ஆள் யாருன்னு ஒங்களால சொல்ல முடியுமா?"

"ஆள் யாருன்னு சொல்ல முடியாதுங்க. மனுஷன்னு சொல்ல முடியும்" என்றேன்.

இதைத் துணிச்சலாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பதிலாகத் தோன்றியது. மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டார். செய்து காட்ட அனுமதி கேட்டேன். ஒரு சாரைத் தோலும் ஒரு மலைப்பாம்புத் தோலும் அவர் மேசைக்குப் போயின. என் குண்டூசியை வாங்கிக்கொண்டு அவரே எண்ணினார். வெளியே யாரோ பெயர் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. பதினேழு என்றார். அடுத்ததில் ஐம்பதைத் தாண்டியதும் கணக்குத் தவறி, சலித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் அறுபத்தைந்து என்று அவரே டைப்பிஸ்ட்டிடம் சொன்னார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மாஜிஸ்திரேட் தவளைக்காரரிடம், இந்தச் சாட்சியை ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"ஒண்ணு கேக்கணுங்க" என்றார். என் பக்கம் திரும்பினார். "போன வருசம் ஒங்க ஸ்கூலுக்கு ஒரு சாரை குடுத்தேன் டீச்சர். நீங்கதான் கேட்டீங்க. அது இந்தச் சட்டத்துல வருமா, வராதா?"

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வருங்க" என்றேன். "எனக்கு அப்ப தெரியாது. ஆனா வரும்."

ரேஞ்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட், பள்ளி அனுமதி வாங்கியிருக்கிறதா என்றார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு என் அறிக்கையைப் புரட்டினார். முதுகுப் பக்கம் கீறப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். இரண்டு விதமாகத் தோல் உரித்திருப்பதையும் ஆணித் துளைகளையும் சொன்னேன். ஒரே கையால் செய்த வேலையாகத் தெரிகிறதா என்று கேட்டார். நான் தோல் உரித்தவளில்லை, அதைச் சொல்லத் தெரியாது என்றேன். அப்போது தவளைக்காரர், யாரும் கேட்காமலே, தணிந்த குரலில் சொன்னார்.

"சாரை நான் புடிச்சதுங்க. உரிச்சதும் நான்தான். நாங்க வயித்துப் பக்கந்தான் கீறுவோம். மலைப்பாம்ப நான் தொடல."

அன்று சாயங்காலம் லேபைத் திறக்கச் சொல்லி, பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். சாரையைத் தவிர வேறு இரண்டு பாம்புகள் இருந்தன. இரண்டும் பழைய உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் யாரோ வாங்கி வைத்தவை. ஒன்றில் கண்ணாடி விரியன் என்று மை மங்கிய சீட்டு ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்து, கையுறை போட்டு, வெளியே எடுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு முழுப் பாம்பை நான் தொட்டது அதுதான் முதல் முறை. விரியனுக்கு முப்பது வரிசை வர வேண்டும். நாற்பதைத் தாண்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்தொன்று. குட்டி மலைப்பாம்பு. முதல் அட்டவணை. இரண்டு வருடமாக அதைக் காட்டி விரியன் என்று நான் பாடம் நடத்தியிருந்தேன்.

ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. யாருக்கும் தெரியாத விஷயத்தை நாமாகப் போய்ச் சொல்வதா, சீட்டு இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். தவளைக்காரர் கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, கடிதத்தை நீங்களே எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நடந்தது நடந்தபடி எழுதி வனத்துறைக்கு அனுப்பினோம்.

தீர்ப்பு வர இரண்டு மாதமாயிற்று. இரண்டு விதமாகக் கீறியிருந்ததைச் சுட்டி, மலைப்பாம்புத் தோல் தரகர் மீது மட்டும் நிரூபணமானதாக மாஜிஸ்திரேட் எழுதியிருந்தார். அவருக்குச் சிறை, மேல்முறையீட்டுக்குப் போனார், அது என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. தவளைக்காரருக்குச் சிறிய அபராதம். காவலில் இருந்த நாட்களே சிறைத் தண்டனைக்குப் போதும் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கு ஒரு படிவம் வந்தது. கல்விக்காக வைத்துக்கொள்ளலாம், விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று ஒரு சான்றிதழும், பாட்டிலில் ஒட்ட ஓர் எண்ணும் கொடுத்தார்கள். புதுச் சீட்டில் மலைப்பாம்பு என்று நானே எழுதினேன்.

தவளைக்காரர் இனிமேல் பள்ளிப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து, வெறும் கையோடு லேப் வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பட்டியல ஒரு தடவ படிச்சுக் காட்டுவீங்களா டீச்சர்? எதத் தொடலாம், எதத் தொடக் கூடாதுன்னு யாரும் எங்கிட்ட சொல்லல."

ரேஞ்சரிடமிருந்து சட்டப் புத்தகத்தை வாங்கி வந்து அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்தோம். நான் நினைத்ததைவிடக் கடினமான வேலை அது. எனக்கு லத்தீன் பெயர் தெரியும், ஊர்ப் பெயர் தெரியாது. அவருக்கு உயிரினம் தெரியும், பெயர் வேறு. நான் நீளத்தையும் நிறத்தையும் வாலையும் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, கையால் நடையைச் செய்து காட்டுவார். ஆமையில் தடுமாறினோம், உடும்பில் சிக்கலே இல்லை. எறும்புதின்னியை அவர் பச்சைமலை அடிவாரத்தில் இரண்டு முறை பார்த்திருந்தார். நான் படத்தில் மட்டும்தான். காக்கையும் எலியும்கூட ஓர் அட்டவணையில் இருப்பதையும், அவற்றைக் கொல்லத் தடையில்லை என்று சொல்லவே தனியாக ஓர் அட்டவணை வைத்திருப்பதையும் கேட்டு அவர் வெகுநேரம் சிரித்தார். அதற்கு முன்பு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான்கு சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்து உயிரினங்களுக்கு மட்டும் தமிழில் ஆறு பக்கப் பட்டியல் ஒன்று தயாரானது. ரேஞ்சர் அதை டைப் அடித்து எல்லா வனக் காவலர்களுக்கும் கொடுத்தார். பார்சல் ஆபீசுக்கும் ஒன்று போனது. பட்டியலில் யார் பெயரும் போடவில்லை. தவளைக்காரர் ஒரு பிரதி கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் படித்துக் காட்டுவாள் என்றார்.

எண்பதுகளின் நடுவில் அந்தப் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் நம் வயல் தவளைகளும் சேர்ந்துவிட்டன என்று பேப்பரில் படித்தேன். சில ஆண்டுகளில் தவளைக்கால் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டார்கள். பூச்சி பெருகிவிட்டது, தவளை வேண்டும் என்று விவசாயம் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரில் தவளை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தொழிலை மூடினார்கள். அதற்கு முன்பே தவளைக்காரர் அதை விட்டுவிட்டு, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். சம்பளம் பரவாயில்லை, தூசிதான் தாங்கவில்லை என்று ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். அவரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. எதற்கு என்று சரியாகச் சொல்லத் தெரியாததால் சொன்னதில்லை.

ஒரு நாள் துண்டில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தார். மேசையில் வைத்துப் பிரித்தார். தட்டு அளவுக்கு ஒரு கல். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டு, விளிம்பு வரை வரிவரியாக இருந்தது. சுரங்கத்தில் கிடைத்ததாம். நான் அதைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். இந்தப் பகுதி முழுவதும் கடலாக இருந்த காலத்தில் நீந்திய ஓர் உயிர், கல்லாகிப் போனது. அந்த இனத்தில் ஒன்றுகூட இப்போது உலகத்தில் இல்லை. அதைச் சொன்னேன். இங்கேயா கடல் என்று இரண்டு முறை கேட்டார்.

"இத வாங்குறதுக்கும் ஆளு வர்றாங்க டீச்சர். கார்ல வந்து அள்ளிட்டுப் போறாங்க. இது நம்ம பட்டியல்ல வருமா?"

இன்றைக்கும் உயிரோடு இருக்கும் இனங்களுக்குத்தான் அந்தச் சட்டம், இது வராது என்றேன்.

"அப்ப யாரு வேணாலும் எடுத்துக்கலாமா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். இன்னும் நிறைய இருக்கிறதா என்று கேட்டேன். மழை பெய்து மண் கரைந்தால் நடக்கும் இடமெல்லாம் காலில் தட்டும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையின் முதல் பஸ்ஸில், என்னென்ன கிடக்கிறது என்று எழுதிவைக்க ஒரு நோட்டோடு அவருடன் நானும் சுரங்கத்துக்குப் போனேன்.